பதினோராம் விதிக்கு ஓர் உரை

1989ஆம் ஆண்டுச் சாலை விதிமுறைகளில் பதினோராவது விதி ஒரே வாக்கியம்தான். தமிழில் சொன்னால் ஏறத்தாழ இப்படி வரும்: ஒரு சாலையில் பிற போக்குவரத்துக்கென நடைபாதையோ மிதிவண்டித் தடமோ அமைக்கப்பட்டிருந்தால், சீருடையில் உள்ள காவலரின் அனுமதி இல்லாமல், ஓட்டுநர் அதன்மேல் வண்டி ஓட்டக் கூடாது.

2017இல் புதிய ஓட்டுதல் விதிமுறைகள் வந்தபோது பழையவை போயின. ஆனால் இந்த வாக்கியத்தின் சாரம் அவற்றிலும் தொடர்கிறது. சைக்கிளில் போகிறவரின் வழியைச் சட்டம் நேரடியாகக் காக்கும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. சென்னைப் புறநகரான செம்பாக்கத்தில் இருந்துகொண்டு இதைப் படித்தால் இதன் பலமும் பலவீனமும் நன்றாகவே தெரியும்.

"பாதசாரிகளின் வழியுரிமை"

இது விதியின் தலைப்பு. உரிமை நடப்பவர் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. மிதிவண்டித் தடம் விதிக்குள் வருகிறது, அதில் போகிறவரோ தலைப்பிலும் இல்லை, வாக்கியத்திலும் இல்லை. விதி காப்பது இடத்தைத்தான், ஆளை அல்ல. இடமே இல்லாத ஊரில் ஆளுக்கு என்ன காப்பு?

"அமைக்கப்பட்டிருந்தால்"

விதியின் உயிரே இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. தடம் போட வேண்டும் என்று விதி யாருக்கும் கட்டளையிடவில்லை. போட்டிருந்தால் மதிக்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

தாம்பரம்–வேளச்சேரி சாலையில் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கம் காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு ஒரு மாணவி இடது ஓரமாக வருகிறாள். தார் முடிகிற இடத்தில் மணல் சேர்ந்து கிடக்கிறது. அதை ஒட்டி வடிகால் மூடி ஒன்று, சாலை மட்டத்துக்குமேல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எதிர்த் திசையில் ஒரு பைக் வருகிறது. முன்னால் போகும் ஷேர் ஆட்டோ ஆள் ஏற்ற ஓரம் கட்டுகிறது. அவள் வலப்பக்கம் ஒதுங்கியாக வேண்டும், அங்கே பேருந்து. இந்த நெருக்கடியில் பதினோராம் விதியில் ஒரு எழுத்துகூட அவளுக்கு உதவாது. பதினோராம் வகுப்பில் விலையில்லாச் சைக்கிள் கொடுக்கிற அரசு, அதை ஓட்ட வழி கொடுக்கவில்லை.

தடம் எப்போது வேண்டும் என்பதற்கு அளவுகோல் இல்லாமல் இல்லை. இந்தியச் சாலைப் பேராயம் 1962இலேயே மிதிவண்டித் தடங்களுக்கு நெறிமுறை வெளியிட்டது. நெரிசல் நேரத்தில் மணிக்கு 400 சைக்கிள் போனால் தனித் தடம் தகும். அந்தச் சாலையில் மோட்டார் வண்டிகள் மணிக்கு 200ஐத் தாண்டினால் 100 சைக்கிளே போதும். குறைந்த அகலம் 2 மீட்டர். நம் சாலையில் 200 மோட்டார் வண்டிகள் கடக்க ஒரு மணி நேரமா ஆகும்?

ஆனால் சைக்கிள்களை எண்ணி முடிவெடுக்கும் முறையிலேயே எனக்கு உடன்பாடில்லை. பயந்து சைக்கிளை வீட்டில் விட்டவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். பிள்ளையைப் பள்ளி வேனில் அனுப்புகிற அம்மாவும் வரமாட்டார். சாலை எவ்வளவு ஆபத்தானதோ, அவ்வளவுக்கு எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்ததைக் காட்டியே தடம் தேவையில்லை என்று சொல்லிவிடலாம்.

சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. நடப்பவரையும் சைக்கிளையும் முன்னிறுத்திய கொள்கை அது. செம்பாக்கம் அப்போதும் அந்த எல்லைக்கு வெளியே, இப்போதும் வெளியே. 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது செம்பாக்கம் நகராட்சி அதில் சேர்ந்தது. தாம்பரத்துக்கும் அப்படியொரு கொள்கை வேண்டும்.

"பிற போக்குவரத்துக்கென"

மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கு என்று பொருள் கொள்ள வேண்டும். இன்று இதில் ஒரு சிக்கல் உண்டு. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் 25 கிலோமீட்டர் வேக வரம்பும் கொண்ட எடை குறைந்த பேட்டரி வண்டி, சட்டப்படி மோட்டார் வாகனமே அல்ல. அதைத் தடத்தில் விடலாமா? மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் நடப்பவர்களுக்கும் விதி செய்யும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 138(1அ) பிரிவின் வழியே மாநில அரசுக்குக் கொடுத்தது. கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த வழக்கில், அந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் செய்யும்படி 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பேட்டரி வண்டி பற்றிய கேள்விக்கும் அந்த விதிகளில்தான் விடை எழுத வேண்டும்.

"சீருடையில் உள்ள காவலரின் அனுமதி இல்லாமல்"

விபத்து, ஊர்வலம், பள்ளம் தோண்டிய நாள் ஆகியவற்றுக்கான விலக்கு. நெரிசலில் நடைபாதைமேல் பைக்கை ஏற்றுகிறவருக்கு இது பொருந்தாது.

"ஓட்டக் கூடாது"

ஓட்டுவதைவிட நிறுத்துவதுதான் தடத்தைக் கொல்கிறது. ஒரே ஒரு கார் நின்றாலும் பின்னால் வரும் ஒவ்வொரு சைக்கிளும் நடுச்சாலைக்கு வந்துதான் போக வேண்டும். 2017 விதிமுறைகள் மிதிவண்டித் தடத்தில் வண்டி நிறுத்துவதையும் தடுத்தது நல்ல திருத்தம். இந்த விதிமுறைகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177அ பிரிவின்படி 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம். வெள்ளைக்கோடு மட்டும் போட்டால் அபராதம் எழுதியே காவலர் களைத்துப்போவார். கோட்டுக்குப் பதில் கல் விளிம்பு கட்ட வேண்டும்.

வேளச்சேரி சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, உள்தெருக்கள் மாநகராட்சியுடையவை. அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் இரண்டு அலுவலகத்துக்கும் தனித்தனி மனுவாக எழுதிக் கொண்டுபோங்கள். முதலில் பள்ளிக்கூடங்கள் இருக்கும் தெருக்களைக் கேளுங்கள்.