வெள்ளாற்று முகத்திலிருந்து

திட்டக்குடியைத் தழுவிச் செல்லும் வெள்ளாறு, சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியே ஓடிப் பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. அம்முகத்துவாரத்திலிருந்து மரக்காயர் கலங்கள் சோழமண்டலத் துணிகளை ஏற்றிக்கொண்டு மலாய்த் துறைகளுக்குச் சென்ற காலம் ஒன்றுண்டு. எதிரே நின்ற ஐரோப்பியக் கும்பினிகளிடம் பெருமுதலும் இருந்தது, பீரங்கியும் இருந்தது. இருந்தும் அத்துறைகளின் வாடிக்கையாளர் மரக்காயரைக் கைவிடவில்லை. ஏன்?

1641-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அனுமதிச் சீட்டு முறையால் நம்மவர் கலங்களை நெருக்கினர். நம்மவரோ அச்சே, கெடா, ஜொகூர் துறைகளை நாடினர். அங்கு வரவேற்பும் பெற்றனர். மார்க்க ஒற்றுமையே இதற்குக் காரணம் என்பர் சிலர். அது ஒரு காரணமே, முழுக் காரணமன்று. குஜராத்தியரும் அராபியரும் அதே மார்க்கத்தவராய் அக்கடலில் வாணிபம் செய்தவர்களே அல்லவா?

கும்பினியார் கோட்டைக்குள் கிடங்கு வைத்து மொத்தமாய் விற்றனர். நம்மவர் கடைத்தெருவில் சிறுசிறு அளவில் விற்றனர். பருவக்காற்று மாறும்வரை ஊர் திரும்ப வழியில்லை. ஆதலால் அங்கேயே தங்கினர், மலாய் மொழி பேசினர், பலர் மணமும் புரிந்தனர். எந்தத் துறையார் எந்த நிறத்தை விரும்புவர், எந்தக் கரையை ஒதுக்குவர் என்பது துறைக்குத் துறை மாறும். வாங்குவோருடன் வாழ்ந்தாலன்றி இது விளங்காது. இதனை நான் அறச்செயலென்று புகழவில்லை. இலாபம் கருதியே சென்றனர். ஆயினும் வாங்குவோர் அவர்களுக்கு அயலாராய் இருக்கவில்லை.

இவ்வுறவுக்கு மலாய் மொழியே சான்று. கடை அங்கே 'கெடாய்', முதல் 'மொடால்', வகை 'பாகாய்', கப்பல் 'காப்பால்'. விற்பவன் சொல்லை வாங்குபவன் தன் வீட்டுச் சொல்லாக்கிக் கொள்வதற்கு ஒருநாள் பழக்கம் போதாது.

1786-ல் ஆங்கிலேயர் பினாங்கில் குடியேறியபோது, கெடாவில் நெடுநாள் வாழ்ந்த சூலியாக்கள், அதாவது நம் தமிழ் முஸ்லிம்கள், அங்கும் கடை திறந்தனர். ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே நிலைத்துள்ளனர் என்றும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து திரும்புகின்றனர் என்றும் 1794-ல் பிரான்சிஸ் லைட் குறித்தார். அவர்களின் தலைவராய் விளங்கிய காதர் முகைதீன் பரங்கிப்பேட்டையிலிருந்து சென்றவர். 1801-ல் கும்பினி அளித்த நிலத்தில் எழுந்த பள்ளிவாசல், அவர் வகித்த பதவியின் பெயரால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எனப்படுகிறது. அதன் அருகே செல்லும் சூலியா தெரு இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது.