திருமண வீட்டுச் சதிர்: சென்னை மாகாணத்தில் ஒரு விருந்துச் செலவின் வரலாறு

திருமணம் நடத்தும் வீட்டார் விருந்தினரை எவ்வாறு மகிழ்விப்பது, அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்பன குடும்பத்தினுள்ளே பேசித் தீர்க்கப்படும் காரியங்கள். வரலாற்று நூல்கள் இவற்றைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே சென்னை மாகாணத்தில் இக்குடும்பக் காரியம் பத்திரிகைகளிலும் பொதுக் கூட்டங்களிலும் வாதத்துக்குள்ளாகி, தேசாதிபதியின் மேசைவரை சென்றது. அந்த வாதத்தின் நடுவே நின்றது திருமண வீட்டுச் சதிர்க் கச்சேரியாகும்.

பின்னாளிற் பரதநாட்டியம் எனப் பெயர் பெற்ற ஆடற்கலைக்கு அன்று வழங்கிய பெயர்களுள் ஒன்று சதிர். அதனை நிகழ்த்திய குழு சின்னமேளம் எனப்பட்டது. நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த பெரியமேளத்திலிருந்து அதனை வேறுபடுத்தவே இப்பெயர் எழுந்தது. இக்கலையின் பெரும் புரவலர் தஞ்சை மராட்டிய மன்னர். இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) காலத்தையொட்டிச் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நான்கு சகோதரர் சதிருக்கு ஒழுங்கான நிகழ்ச்சிமுறை ஒன்றை வகுத்தனர். 1855இல் மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார்; ஆங்கிலேயர் அரசைத் தம்வசப்படுத்தினர். அரண்மனையை நம்பியிருந்த கலைஞர் பலர் வேறு ஆதரவைத் தேடிச் சென்னைப் பட்டினத்துக்கும் சமீன்களுக்கும் பெயர்ந்தனர்.

கோயில்களுக்கு அப்பால் அவர்களுக்குக் கிடைத்த புதிய புரவலர் வணிகரும் துபாசிகளும் அரசாங்க உத்தியோகத்தரும் நிலச்சுவாந்தருமாவர். இவர்கள் அரசரைப் போல ஆண்டு முழுவதும் கலைஞரை வைத்துப் போஷிக்க வல்லவரல்லர். இவர்களது செல்வம் வெளிப்படுவதற்குரிய பெருஞ் சந்தர்ப்பம் திருமணமே. கோதாவரிக் கழிமுகத்தில் 1852இல் தவளேசுவரம் அணை நிறைவுற்றபின் நெல்வளம் பெருகிற்று. அங்கும் செல்வம் பெற்ற நிலவுடைமையாளரின் திருமணங்களில் ஆடல்மேளங்கள் இடம்பெற்றன. மானியம் பெற்று வாழ்ந்த கலை, கூலி பேசி அழைக்கப்படும் கலையாக மாறியது. சதிரின் பிற்கால வீழ்ச்சிக்கான விதையும் இம்மாற்றத்திலேயே கிடந்தது எனலாம்.

சதிர் வெறுங் கேளிக்கையாக மட்டும் தெரிவுசெய்யப்படவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கோயிலிற் பொட்டுக்கட்டப்பட்ட பெண் இறைவனையே கணவனாகக் கொண்டவள். ஆகையால் விதவையாகாதவள், நித்தியசுமங்கலி. 1909இல் வெளிவந்த தேர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகள், திருமண ஊர்வலங்களில் இவர்கள் முன்செல்வதையும், மணமகளின் தாலியைக் கோத்துத் தம் கழுத்து மணிகளிற் சிலவற்றை அதிற் சேர்ப்பதையும் பதிவுசெய்துள்ளன. தாலியைக் கோக்க வந்தவளே மாலையிற் பந்தலில் ஆடினாள். பதமும் சாவளியும் பாடினாள். மங்கலத்தையும் மகிழ்ச்சியையும் ஒருங்கே தந்த இச்செலவைக் கணக்கிலிருந்து நீக்குதல் வீட்டாருக்கு எளிதன்று. பந்தல், வாணவேடிக்கை, ஊர்வலம் முதலியவற்றைக் குறைத்தாற் கருமித்தனம் என்பர். சதிரைக் குறைத்தால் அமங்கலம் என்றும் சொல்ல இடமுண்டு.

செலவின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. சின்னமேளம் என்றால் ஆடுபவர் ஒருவர் மட்டுமல்லர். நட்டுவனார், மத்தளக்காரர், துருத்தி ஊதுபவர், முகவீணைக்காரர் (பின்னர் அவரிடத்தைக் கிளாரினெட் கைப்பற்றியது), பாடும் மூத்த பெண்கள் எனக் குழு முழுவதற்கும் உணவும் தங்குமிடமும் வேண்டும். அக்காலத் திருமணங்கள் பல நாட்கள் நீடித்தன. பேசிய தொகைக்கு மேலாகப் பட்டும் பொன்னும் சன்மானமாக வழங்கப்பட்டன. சன்மானம் சபை நடுவே வழங்கப்படுவது. கொடுப்பவரின் கையை அனைவரும் பார்த்திருப்பர். எனவே முன்கூட்டியே திட்டமிட்ட தொகைக்குள் இச்செலவை அடக்குவது அரிது. மகளின் திருமணச் செலவைக் கூட்டுக்குடும்பச் சொத்தின்மீது சாட்டத்தக்க நியாயமான தேவையாக ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் ஏற்றன. குடும்பத்தின் தகுதியே நியாயமான செலவின் அளவுகோலாயிற்று. தகுதியை நிலைநாட்டக் கடன்படுவதும், கடன்பட்டுச் செய்த ஆடம்பரம் அடுத்தவனுக்குத் தகுதியாவதும் ஒரு சக்கரமாகச் சுழன்றன.

இச்சக்கரத்தை நிறுத்த முயன்றவர் ஆங்கிலக் கல்வி பெற்ற சீர்திருத்தக்காரர். ராஜமகேந்திரவரத்தில் கந்துகூரி வீரேசலிங்கம் (1848–1919) 1880களில் தமது எழுத்துக்களால் இவ்வழக்கத்தைத் தாக்கினார். மசூலிப்பட்டணத்தில் ரகுபதி வெங்கடரத்தினம் நாயுடு ஒழுக்கத் தூய்மை இயக்கத்தை நடத்தினார். 1890இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியன் சோஷியல் ரிபார்மர்' பத்திரிகை இக்கருத்துக்களைப் பரப்பிற்று. இவர்களின் வாதத்திற் சிக்கனம் ஓரிழை; ஒழுக்கம் மற்றோரிழை. இரண்டும் பிரிக்கவியலாதவாறு முறுக்கப்பட்டிருந்தன. எனினும் சிக்கனம் விரைவிலே பின்தள்ளப்பட்டு ஒழுக்கமே முழக்கமாயிற்று. அளவாகச் செலவிடுக என்று கூறுவதினும் அவளை அழையாதே என்று கூறுவது மேடைக்கு ஏற்றது போலும்.

அவர்கள் கைக்கொண்ட உபாயம் கூர்மையானது. சதிரை ஏற்பாடு செய்வதில்லை என்பதோடு, அது நிகழும் விருந்துக்குச் செல்வதுமில்லை என்று உறுதிமொழி வாங்கினர். வீட்டாரின் தெரிவு விருந்தினரின் எதிர்பார்ப்பினாலே தீர்மானிக்கப்படுகின்றது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். இதே நோக்குடன் 1893இல் சென்னை இந்து சமூக சீர்திருத்தச் சங்கத்தினர் இராசப்பிரதிநிதிக்கும் சென்னைத் தேசாதிபதிக்கும் விண்ணப்பம் செய்து, ஆடல் மகளிர் இடம்பெறும் விருந்துகளைப் பகிஷ்கரிக்குமாறு வேண்டினர். இராசப்பிரதிநிதி லான்ஸ்டவுன் பிரபு தாம் சென்றிருந்த ஓரிரு நிகழ்ச்சிகளில் தகாத எதனையும் காணவில்லை எனக் கூறி வேண்டுகோளை ஏற்க மறுத்தார். தேசாதிபதி வென்லொக் பிரபுவும் அவ்வாறே மறுத்தார். ஆயினும் விண்ணப்பத்தின் நோக்கம் தோற்கவில்லை. அடுத்த தசாப்தங்களிற் படித்த மத்தியதர வர்க்கத்தினரின் வீடுகளில் சதிருக்குப் பதிலாக வாய்ப்பாட்டுக் கச்சேரியும் கதாகாலட்சேபமும் இடம்பெறலாயின. பாண்டு வாத்தியமும் கிராமபோனும் இவற்றோடு சேர்ந்தன. பெரியமேளத்தை எவரும் எதிர்க்கவில்லை. அது ஆடவரின் கலை.

சீர்திருத்தக்காரரின் நோக்கத்தைக் குறை கூறுவது நியாயமன்று. பொட்டுக்கட்டும் வழக்கத்திற் சிறுமியரின் விருப்பம் கேட்கப்படவில்லை என்பது மறுக்கமுடியாத உண்மை. அச்சமூகத்திலே பிறந்த மூவலூர் இராமாமிர்தம் (1883–1962) அவ்வழக்கத்துக்கு எதிராக நடத்திய போராட்டமே அதற்குச் சான்று. ஆனால் திருமணச் செலவுப் பட்டியலிலிருந்து ஒரு வரி அடிக்கப்பட்டபோது, அவ்வரியினால் வாழ்ந்தவருக்கு மாற்று வழி எது என்று 1893இன் விண்ணப்பதாரர் சிந்தித்ததாகத் தெரியவில்லை. பணம் கொடுத்து அழைத்தவன் விரதம் பூண்டு புண்ணியவானாயினான். அழைக்கப்பட்டவளோ பழியையும் வறுமையையும் ஏற்றாள். 1920களின் பிற்பகுதியில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையிற் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகச் செயற்பட்டபோது, தேவதாசியர் தாமே சங்கமாகக் கூடி எதிர்ப்பு மனுக்களை அனுப்பினர். சட்டம் நிறைவேறியது 1947இல். சிறுமியரைக் காத்த சட்டம் அது; முதிர்ந்த ஆடல் மகளிரின் பிழைப்பு அதற்கு வெகுகாலம் முன்னரே திருமணப் பந்தல்களிற் சுருங்கிவிட்டது.

கலையின் கதி வேறாயிற்று. 1932இல் பொப்பிலி அரசர் முதலமைச்சராகப் பதவியேற்றதையொட்டிய வரவேற்பிலே சதிர் இடம்பெற்றது. முத்துலட்சுமி ரெட்டி அதனைப் பத்திரிகையிற் கண்டித்தார், வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் மறுத்தெழுதினார். ஒரு வரவேற்பு விருந்துக்கான நிகழ்ச்சித் தெரிவே இங்கும் விவாதத்தைத் தூண்டியது என்பது சுவையானது. சென்னை மியூசிக் அக்கடமி 1931இல் திருவாளப்புத்தூர் கல்யாணியின் புதல்வியரை ஏற்கெனவே தன் மேடையேற்றியிருந்தது. 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடினார். அவருக்குக் கற்பித்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற நட்டுவனார்கள் உயர்குலப் பெண்களின் ஆசிரியர்களாகி மதிப்புப் பெற்றனர். பாலசரசுவதி முதலிய சிலர் நீங்கலாக, பரம்பரை ஆடல் மகளிர் அந்தப் புதிய மேடையில் நிலைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இவ்வரலாறு சற்றே வேறான பாதையிற் சென்றது. சென்னையில் இயக்கம் வலுப்பெறுமுன்னரே, 1879இல் மறைந்த ஆறுமுக நாவலர் கோயில்களிற் பொதுமகளிர் ஆடுவதைக் கண்டித்திருந்தார். எனினும் கோயில் திருவிழாக்களிற் சின்னமேளம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீடித்தது. திருவிழா உபயகாரரிடையே நிலவிய போட்டி, சென்னைத் திருமண வீடுகளின் போட்டியை ஒத்ததே. திருமணங்களிற் பெரியமேளமே மதிப்புக்குரியதாயிருந்தது. இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களில் வேரூன்றிய இசைவேளாளர் குடும்பங்கள் அதனைப் பேணின. இணுவிலிற் பிறந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) தஞ்சையாரும் வியக்கும் புகழ் பெற்றார். இக்கலைஞரின் தாய்மாரும் சகோதரியரும் பாடியவையும் ஆடியவையும் எவை என்பதை எழுத, ஆய்வாளருக்கு எஞ்சியிருப்பன பெரும்பாலும் உபயக் கணக்குகளும் முதியோர் ஞாபகங்களுமே.