தெரிவு செய்யப்படாதவர்களை உருவாக்குவது எப்படி? ரொறன்ரோ ரப்டர்ஸ் அணியின் பயிற்சி முறை

2019 ஜூன் 13ஆம் திகதி, கனடாவின் ரொறன்ரோ ரப்டர்ஸ் அணி, கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸ் அணியை 114–110 என்ற புள்ளிக் கணக்கில் வென்று வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட லீக்கான என்.பி.ஏ.யின் சம்பியன் பட்டத்தைப் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஓர் அணி அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் தடவை.

அந்த இறுதித் தொடரின் சிறந்த வீரராக கவாய் லெனார்ட் தெரிவானார். அவர் ஏற்கனவே பெயர்பெற்ற நட்சத்திரம். ஆனால் தீர்மானம் மிக்க அந்த ஆறாவது போட்டியில் 26 புள்ளிகள் பெற்ற பாஸ்கல் சியாகமும், 22 புள்ளிகள் பெற்ற பிரெட் வன்வ்லீட்டும் வேறு வழியால் வந்தவர்கள். என்.பி.ஏ. அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை வரிசையாகத் தெரிவு செய்கின்றன. 2016 இல் 60 பேர் தெரிவாகினர். சியாகம் 27ஆவது ஆளாகவே தெரிவானார். வன்வ்லீட்டை எந்த அணியும் தெரிவு செய்யவில்லை.

மூன்றே ஆண்டுகளில் இவர்கள் எப்படி அந்த இடத்துக்கு வந்தார்கள்? திறமையும் உழைப்பும் இருந்தன என்பது உண்மை. அவற்றைக் கையாளத் தெரிந்த ஒரு பயிற்சி அமைப்பும் இருந்தது. இக்கட்டுரை அந்த அமைப்பைப் பற்றியது.

தாமதமாகத் தொடங்கிய இருவர்

சியாகம் 1994 இல் கமரூனின் டுவாலா நகரில் பிறந்தவர். மகன் குருவானவராக வேண்டும் என்று விரும்பிய தந்தை அவரைக் குருமடப் பள்ளியில் சேர்த்தார். அவர் 2011 இல்தான், என்.பி.ஏ. வீரர் லுக் ம்பா அ முட்டே தன் சொந்த நாட்டில் நடத்திய பயிற்சி முகாமுக்குப் போனார். அவரது வயதுடைய அமெரிக்க வீரர்கள் அதற்குள் பல ஆண்டுகள் விளையாடி முடித்திருந்தனர். பின்னர் அவர் அமெரிக்கா சென்று நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே விளையாடினார். அங்கிருந்த காலத்தில், 2014 ஒக்டோபரில், தந்தை கமரூனில் வீதி விபத்தில் இறந்தார். போனால் விசா சிக்கலால் திரும்பி வர முடியாமல் போகலாம் என்ற அச்சத்தில் மகன் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை. இதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வன்வ்லீட் இலினொய் மாநிலத்தின் ரொக்போர்ட் நகரைச் சேர்ந்தவர். அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது தந்தை சுட்டுக் கொல்லப்பட்டார். உயரம் ஆறு அடி சொச்சம். சாதாரண வாழ்வில் அது நல்ல உயரம், என்.பி.ஏ.யில் குட்டை.

905: ஒரு தொலைபேசி இலக்கத்தின் பெயரில் ஓர் அணி

மிசிசாகாவுக்கோ பிராம்டனுக்கோ மார்க்கத்துக்கோ அழைப்பு எடுத்துப் பழகியவர்களுக்கு 905 என்ற எண் தெரிந்திருக்கும். அது ரொறன்ரோவைச் சூழ்ந்த புறநகர்களின் தொலைபேசிப் பிராந்திய இலக்கம். 2015 இல் ரப்டர்ஸ் நிர்வாகம் மிசிசாகாவில் தொடங்கிய இரண்டாம் நிலை அணிக்கு 'ரப்டர்ஸ் 905' என்று பெயர் வைத்தது.

இரண்டாம் நிலை அணி ஏன் தேவை? என்.பி.ஏ. அணி ஒன்று பருவகாலத்தில் 82 போட்டிகளில் ஆடுகிறது. அவற்றுக்கு இடையே விமானப் பயணமும் ஓய்வுமாக நாட்கள் போய்விடும், முழு அணியும் சேர்ந்து பயிற்சி செய்யக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. வெளி ஆசனத்தில் இருக்கும் இளம் வீரர் போட்டியிலும் ஆடுவதில்லை, பயிற்சியும் போதாது. இரண்டாம் நிலை அணியில் அவருக்கு ஒரு போட்டியில் முப்பது நிமிடங்களுக்கு மேல் ஆடக் கிடைக்கும். பிழை விடலாம். விட்ட பிழையை மறுநாள் காணொளியில் பார்த்துத் திருத்தலாம்.

சியாகம் தன் முதல் பருவகாலத்தில் 38 போட்டிகளில் ஆரம்ப ஐவரில் ஒருவராக இறங்கினார். பின்னர் அந்த இடத்தை இழந்தார். நிர்வாகம் அவரை 905 அணிக்கு அனுப்பியது. இதைத் தண்டனையாக நினைத்து மனம் உடையும் வீரர்கள் உண்டு. சியாகம் அங்கே ஆடி, 2017 இல் 905 அணி அந்த லீக்கின் சம்பியனானபோது இறுதித் தொடரின் சிறந்த வீரராகத் தெரிவானார். வன்வ்லீட்டும் அதே அணியில் ஆடியவர்தான்.

அடிப்படைகள் என்றால் என்ன?

தொழில்முறை வீரருக்கும் பயிற்றுவிப்பாளர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது நான்கு விடயங்களே.

முதலாவது, கால்கள். பந்தைப் பிடிக்கும்போது எந்தக் கால் முதலில் தரையில் படுகிறது, எந்தக் காலை ஊன்றித் திரும்புவது, எங்கே நிற்பது என்பவை கையின் வேலையைத் தீர்மானிக்கின்றன. சமநிலை இல்லாத உடலிலிருந்து நல்ல எறிகை வராது.

இரண்டாவது, எறிகை. முழங்கை, மணிக்கட்டு, விரல் நுனி ஆகியவை ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக இயங்க வேண்டும். அதனால் பயிற்சி கூடைக்கு மிக அருகில் தொடங்கி, செய்முறை கெடாமல் படிப்படியாகப் பின்னோக்கி நகரும். என்.பி.ஏ.யில் மூன்று புள்ளிக் கோடு நடுப்பகுதியில் 7.24 மீற்றர் தூரம், ஆடுகளத்தின் மூலைகளில் 6.7 மீற்றர். எனவே எறிகை பலவீனமான வீரரை முதலில் மூலைக்கு அனுப்புவார்கள். சியாகம் 2017–18 இல் எறிந்த மூன்று புள்ளி எறிகைகளில் 22 வீதமே கூடைக்குள் விழுந்தன. அடுத்த பருவகாலத்தில் அது 37 வீதத்தை நெருங்கியது. அந்த ஆண்டு அவர் மூலைகளிலிருந்தே அதிகம் எறிந்தார். போட்டி ஒன்றுக்கு 7.3 ஆக இருந்த அவரது புள்ளிச் சராசரி 16.9 ஆனது. 2019 இல் அதிக முன்னேற்றம் கண்ட வீரருக்கான என்.பி.ஏ. விருதும் கிடைத்தது.

மூன்றாவது, முடிவெடுத்தல். தாக்குதலுக்கு 24 செக்கன்களே உண்டு. பந்து கைக்கு வந்தவுடன் எறிவதா, கொடுப்பதா, உள்ளே ஓடுவதா என்று தீர்மானிக்க வேண்டும். தனியாக நின்று ஆயிரம் தடவை எறிந்தாலும் இது வராது. இருவருக்கு இருவர், மூவருக்கு மூவர் என்ற சிறு ஆட்டங்களில்தான் வரும்.

நான்காவது, தடுப்பாட்டம். இதற்கு உயரத்தைவிட இடம் அறிதலும் சக வீரரோடு பேசுதலும் தேவை. 2019 இறுதித் தொடரில் ரப்டர்ஸ் பயிற்றுவிப்பாளர் நிக் நேர்ஸ், எதிரணியின் ஸ்டெபன் கரியை ஒருவர் நிழல்போலத் தொடர, மற்ற நால்வரும் சதுர வடிவில் நின்று பகுதிகளைக் காக்கும் முறையைப் பயன்படுத்தினார். அது பாடசாலை மட்டத்தில் காணப்படும் முறை என்று பலர் வியந்தனர். கரியைத் தொடர்ந்தவர் தெரிவு செய்யப்படாத அந்தக் குட்டை வீரர் வன்வ்லீட்.

நேர்ஸின் பாதையும் கவனிக்கத்தக்கது. அவர் பிரித்தானிய லீக்கில் பயிற்றுவித்தவர். பின்னர் அமெரிக்காவின் இரண்டாம் நிலை லீக்கில் 2011 இலும் 2013 இலும் இரு வேறு அணிகளைச் சம்பியனாக்கினார். பெயரில்லாத வீரர்களுடன் பல ஆண்டுகள் வேலை செய்தவர் என்பதால், வெளி ஆசனத்தில் இருப்பவரை எப்படி ஆளாக்குவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுபக்கம்

இந்தக் கதையை மட்டும் வைத்து, முயன்றால் எவரும் என்.பி.ஏ. வீரராகலாம் என்று சொல்வது ஏமாற்று. 30 அணிகள், அணிக்கு 15 முழு ஒப்பந்தங்கள். உலகம் முழுவதற்கும் 450 இடங்கள்தான். இரண்டாம் நிலை லீக்கில் ஆடும் பெரும்பாலானோர் அங்கேயே நிற்கிறார்கள், அல்லது வேறு நாடுகளுக்குப் போகிறார்கள். காணொளி ஆய்வு, தனிப் பயிற்றுவிப்பாளர், உடற்கூற்று நிபுணர் எல்லாவற்றுக்கும் பெரும் பணம் வேண்டும்.

ஆயினும் மேலே சொன்ன நான்கு அடிப்படைகளையும் கற்பிக்க ஒரு பந்து, ஒரு கூடை, தினமும் வருகின்ற ஒரு பயிற்றுவிப்பாளர் போதும். மூன்றாவதுதான் கிடைப்பதற்கு அரிது.

பயிற்றுவிப்பாளரை இழந்த மண்

இது எமக்குப் புதிய விடயமல்ல. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி கூடைப்பந்தாட்டத்துக்குப் பெயர்பெற்ற பாடசாலை. அங்கே மாணவர்களைப் பயிற்றுவித்தவர்களில் ஒருவர், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்து 1948 இல் இலங்கைக்கு வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்ட அவரும், அவருடன் சென்ற தமிழ் இளைஞர் ஒருவரும் காணாமல் ஆக்கப்பட்டனர். அவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு இன்றுவரை பொறுப்புக்கூறப்படவில்லை.

விளையாட்டு அறிவு ஆளிடமிருந்து ஆளுக்குப் போவது. ஒரு பயிற்றுவிப்பாளரை இழந்தால், அவரிடம் கற்று நாளை கற்பிக்க இருந்தவர்களையும் சேர்த்தே இழக்கிறோம். போர் எமது இளையோரிடமிருந்து எடுத்தவற்றில் விளையாடும் வயதும் ஒன்று. இடம்பெயர்வில் கழிந்த அந்த ஆண்டுகள் திரும்பி வரப்போவதில்லை.

இன்று வடக்கு, கிழக்குப் பாடசாலைகளில் அணி தெரிவாகும்போது உயரமான பிள்ளைகளும், ஏற்கனவே ஆடத் தெரிந்தவர்களும் முதலில் எடுக்கப்படுவது வழமை. மற்றவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். ரப்டர்ஸ் அணியின் அனுபவத்திலிருந்து ஒரு பாடசாலை எடுத்துக்கொள்ளக்கூடியது இதுதான்: தெரிவாகாதவர்களுக்கென ஓர் இரண்டாம் அணி, அதற்கும் போட்டிகள், அதற்கும் ஒரு பயிற்றுவிப்பாளர். முன்பு ஆடிய பழைய மாணவர்கள் ஊரில் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மாலைகளை அவர்கள் தந்தால் அந்த அணியைத் தொடங்கலாம்.