முக்கால் டாலர் தட்டு

2002ஆம் ஆண்டு நியூயார்க்கின் செல்சீ பகுதியில், தெருவோரம் விற்பனைக்குக் கிடந்த பழைய இசைத்தட்டுகளைக் கிளறிக்கொண்டிருந்தார் கனடாவிலிருந்து வந்த சேகரிப்பாளர் ஒருவர். அட்டைப்படம் இல்லாத ஒரு தட்டு கையில் சிக்கியது. நடுவே ஒட்டிய லேபிளில் குழுவின் பெயரும், என். டால்ஃப் என்ற பெயரும், 4-25-66 என்ற தேதியும் கையால் எழுதப்பட்டிருந்தன. 75 சென்ட் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

அது 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' ராக் குழுவின் முதல் ஆல்பத்தின் முதல் உருவம். 1966 ஏப்ரலில், லூ ரீட், ஜான் கேல், ஸ்டெர்லிங் மாரிசன், மொரீன் டக்கர் நால்வரும் பாடகி நிகோவும் நியூயார்க்கின் செப்டர் ஸ்டுடியோவில் சில நாட்களில் பதிவுசெய்தவை அதில் இருந்தன. ஸ்டுடியோ செலவில் பங்குபோட்டவர் நார்மன் டால்ஃப், கொலம்பியா இசைத்தட்டு கம்பெனியின் விற்பனைப் பிரிவு அதிகாரி. அதற்குக் கைம்மாறாக அவருக்குக் கிடைத்தது, குழுவை ஆதரித்துவந்த ஆண்டி வார்ஹாலின் ஓவியம் ஒன்று. தன் கம்பெனி மேலிடத்துக்குப் போட்டுக்காட்டவே இந்தத் தட்டை வெட்டுவித்தார்.

அசிடேட் என்பார்கள் இந்த வகையை. அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய அரக்குப் பூச்சு. அதில்தான் ஒலியின் வரிகள். ஊசி பட்டால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். நாலு பேர் கேட்டு முடிவுசெய்தால் போதும், அதற்குமேல் அதற்கு ஆயுள் வேண்டாம் என்று செய்யப்படுவது.

கொலம்பியா வேண்டாம் என்றது. பிறகு வெர்வ் கம்பெனி ஏற்றது. ஹாலிவுட்டில் மூன்று பாடல்களை மறுபடி பதிந்தார்கள், பின்னர் நியூயார்க்கில் புதிதாக ஒன்றைப் பதிந்து சேர்த்தார்கள். வார்ஹாலின் வாழைப்பழ அட்டையோடு 1967 மார்ச்சில் ஆல்பம் வந்தது. அட்டையில் ஒட்டிய தோலை உரித்தால் உள்ளே இளஞ்சிவப்புப் பழம். அப்போது பில்போர்டு பட்டியலில் 171ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. இன்று ராக் வரலாற்றை அதை விட்டுவிட்டு யாரும் எழுதுவதில்லை.

என்னை அசைப்பது அந்த வெற்றி அல்ல, 'ஹெராயின்' பாடலின் தொடக்கம். ஆல்பத்தில் பாடுகிறவன் போகிற இடம் தெரியாதவன். நிராகரிக்கப்பட்ட தட்டிலோ தெரிந்தவன். ஒரு சின்ன எதிர்மறையைச் சேர்த்து, பாட்டையே ரீட் இருட்டுக்குள் இறக்கிவிட்டார். அந்தத் திருத்தம் நடப்பதற்கு முந்தைய கணம் தட்டில் அப்படியே உறைந்திருக்கிறது.

2006இல் இணைய ஏலத்தில் ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் கேட்ட ஆள் பின்வாங்கிவிட, மறு ஏலத்தில் தட்டு 25,200 டாலருக்குப் போனது. 2012இல், ஆல்பத்தின் 45ஆம் ஆண்டுப் பதிப்பில், அதிலிருந்த ஒன்பது பாடல்களும் தட்டின் கரகரப்போடு வெளிவந்தன.