விண்மீன் குறியும் பொய்க் கையொப்பமும்: யூடித் லெய்ஸ்டர் மறைந்து மீண்ட வரலாறு

17ஆம் நூற்றாண்டின் டச்சு ஓவியர் யூடித் லெய்ஸ்டரின் பெயர் கலை வரலாற்றிலிருந்து ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் மறைந்திருந்ததற்கு, வாழ்ந்த காலத்தில் அவர் அறியப்படாதவராக இருந்தார் என்பது காரணமன்று. 1609இல் ஹார்லெம் நகரில் பிறந்த அவரை, இருபது வயது நிறையுமுன்பே, 1628இல் வெளியான நகர வருணனை நூலில் ஆம்ப்ஸிங் என்ற கவிஞர் குறிப்பிட்டார். 1648இல் அந்நகரின் வரலாற்றை எழுதிய ஸ்கிரெவேலியஸும் அவரைப் புகழ்ந்தார். தந்தையின் மதுவடிசாலைக்கு இருந்த ‘லெய்ஸ்டர்’ என்னும் பெயர் வழிகாட்டும் விண்மீனைக் குறிப்பதால், தம் முதலெழுத்துகளை ஒன்றோடொன்று பின்னி, அவற்றோடு ஒரு விண்மீனைச் சேர்த்து வரைவதையே அவர் தம் கையொப்பமாகக் கொண்டிருந்தார்.

ஓவியத் தொழிலை நெறிப்படுத்திய தூய லூக்கா சங்கத்தில் 1633இல் அவர் உறுப்பினரானார். தனியே பட்டறை நடத்தவும் மாணவரைச் சேர்க்கவும் இந்த உறுப்புரிமை தேவைப்பட்டது. 1635இல், தம்மிடம் சேர்ந்த மாணவர் சில நாட்களிலேயே புகழ்பெற்ற ஃபிரான்ஸ் ஹால்ஸின் பட்டறைக்குச் சென்றுவிட்டதைச் சங்கத்தின் முன் முறையிட்டு அவர் எட்டு கில்டர் இழப்பீடு கோரினார். மாணவரின் தாய் நான்கு கில்டர் கொடுத்தார், ஹால்ஸ் மூன்று கில்டர் தண்டம் செலுத்தினார், மாணவரை முறைப்படி பதிவு செய்யாத குற்றத்திற்காக லெய்ஸ்டரும் தண்டம் கட்ட நேர்ந்தது. நகரின் முதன்மை ஓவியரை எதிர்த்து வழக்காடத் தயங்காத ஒருவரைக் கணவரின் நிழலில் வளர்ந்தவராக எண்ண இந்தப் பதிவு இடம் தரவில்லை.

1636இல் ஓவியர் யான் மீன்சே மொலெனாரை மணந்து ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்த பின் அவர் வரைந்தவையாக இன்று அறியப்படுபவை மிகச் சிலவே. 1660இல் அவர் இறந்தார். 1668இல் மொலெனாரும் இறந்தபோது எடுக்கப்பட்ட உடைமைப் பட்டியலில், சில ஓவியங்கள் ‘இறந்தவரின் மனைவி’ வரைந்தவை என்று மட்டுமே பதிவாயின. பெயரை விடுத்து உறவை மட்டும் எழுதிய இந்தப் பதிவு முறையிலேயே மறைப்பு தொடங்கிவிட்டது எனலாம்.

அதை முழுமையாக்கியது சந்தை. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குப் பின் ஹால்ஸின் மதிப்பு வேகமாக உயர்ந்தது; இன்று ‘சிரிக்கும் வீரர்’ எனப்படும் அவரது ஓவியம் 1865இல் பாரிஸ் ஏலத்தில் 51,000 பிராங்குக்குப் போயிற்று. பாணியில் நெருங்கிய லெய்ஸ்டரின் படைப்புகள் ஹால்ஸின் பெயரில் விற்கப்பட்டதற்கு, கலையறிவின் தடுமாற்றத்தைவிட இலாப நோக்கே வலுவான காரணம். ஏனெனில் சில ஓவியங்களில் பொய்க் கையொப்பமே இடப்பட்டிருந்தது. இன்று லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள, குடித்து மகிழும் இணையரைக் காட்டும் 1630ஆம் ஆண்டு ஓவியம் ஹால்ஸின் படைப்பாக 4,500 பவுண்டுக்கு விற்கப்பட்டிருந்தது. அதில் விண்மீன் குறி கண்டறியப்பட்டதும் இலண்டன் வணிகர்களிடையே வழக்கு மூண்டது. வாங்கியோரின் குறையெல்லாம் ஓவியம் ஹால்ஸுடையதன்று என்பதே. சிறந்த ஓவியர் ஒருவர் கிடைத்தாரே என்று எவரும் மகிழவில்லை. 1893இல் டச்சு அறிஞர் ஹோஃப்ஸ்டேட டெ க்ரூட் அதே குறியைத் தொடர்ந்து சென்று ஏழு ஓவியங்களை லெய்ஸ்டருக்கு உரியவையாக நிறுவினார்.

முன்னர் ஹால்ஸின் படைப்பாகக் கருதப்பட்டு, இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள தன்னுருவ ஓவியமும் லெய்ஸ்டரின் கைவண்ணமே. வண்ணம் தெறிக்கும் வேலைக்குச் சற்றும் பொருந்தாத அகன்ற வெண்கழுத்துப்பட்டி அணிந்து, ஒரு கையில் வண்ணப்பலகையையும் தூரிகைக் கற்றையையும் பற்றியவாறு, பேச வாயெடுத்தவர்போல் பார்வையாளரை நோக்கித் திரும்புகிறார். அருகே தாங்கியில் சிரிக்கும் வயலின் கலைஞரின் உருவம் உள்ளது. அதற்கு அடியில் முதலில் ஒரு பெண்ணின் முகமே தீட்டப்பட்டிருந்ததை ஆய்வுகள் வெளிப்படுத்தியுள்ளன. அந்த முகத்தை நீக்கிவிட்டு விற்பனையாகும் வகை ஓவியத்தை அவ்விடத்தில் அமர்த்தியது, தம் தொழில்திறனை விளம்பரப்படுத்தும் முடிவாகவே தோன்றுகிறது.

1989இல் ஃபிரிமா ஃபாக்ஸ் ஹோஃப்ரிக்டர் லெய்ஸ்டரைப் பற்றிய விரிவான தனிநூலை வெளியிட்டார். 1993இல் அவருக்கெனப் பெருங்கண்காட்சி ஒன்று நடைபெற்றது. ஹார்லெமில் அதற்கு இடமளித்தது ஃபிரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகம்.