குவாங்கோ ஆற்றுக் கல்

அங்கோலாவின் வடகிழக்கில் வடக்கு நோக்கி ஓடி, எல்லை தாண்டி காங்கோ ஜனநாயகக் குடியரசுக்குள் போகிறது குவாங்கோ ஆறு. அதன் படுகையில் மண்ணை வெட்டிப் போனால் சரளை வரும். அந்தச் சரளையைச் சல்லடையில் போட்டு அலசினால், அதிர்ஷ்டம் இருந்தால், வைரம் நிற்கும். மண்வெட்டியும் சல்லடையும் தண்ணீர் இறைக்க ஒரு பம்பும் போதும். கடலுக்குள் எண்ணெய்க் கிணறு நடத்த கெரில்லாப் படையால் ஆகாது. ஆற்றங்கரையில் சரளை அலச ஆகும். 1990களில் எண்ணெய் அரசின் கையில் இருந்தது, வைரத்தின் பெரும்பகுதி யுனிட்டா என்ற கிளர்ச்சி இயக்கத்தின் கையில். உள்நாட்டுப் போர் அப்படித்தான் ஓடியது.

அதற்கு முன் யுனிட்டாவுக்கு வைரம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. போர்ச்சுகீசிய ஆட்சிக்கு எதிராக 1966இல் ஜொனாஸ் சவிம்பி தொடங்கிய இயக்கம் அது. அவர் முதலில் பயிற்சி பெற்றது மாவோவின் சீனாவில். 1975இல் விடுதலை வந்தபோது தலைநகர் லுவாண்டாவைப் போட்டி இயக்கமான எம்.பி.எல்.ஏ. பிடித்துக்கொண்டது, அதற்கு சோவியத் ஆயுதமும் கியூபப் படையும் துணை. சவிம்பி தென்னாப்பிரிக்க நிறவெறி அரசோடு கை கோத்தார். அமெரிக்க உதவிக்கு 1976இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தடை போட்டது. 1985இல் தடை நீங்கியது. 1986 ஜனவரியில் அதிபர் ரீகன் சவிம்பியை வெள்ளை மாளிகையில் வரவேற்றார். அதே ஆண்டு ஸ்டிங்கர் ஏவுகணைகள் வந்து சேர்ந்தன. வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் அங்கோலாவின் கபிண்டாவில் அமெரிக்க நிறுவனத்தின் எண்ணெய் நிலையங்களைக் காவல் காத்தவர்கள் கியூபச் சிப்பாய்கள்.

பனிப்போர் முடிந்தது, புரவலர்கள் விலகினார்கள். 1992 செப்டம்பர் தேர்தலில் சவிம்பி சுமார் 40 சதவீத வாக்கு பெற்றுப் பின்தங்கினார். முடிவை ஏற்காமல் மறுபடி போருக்குப் போனார். 1993இல் ஐ.நா. அவருக்கு ஆயுதமும் எரிபொருளும் விற்கக் கூடாது என்று தடை விதித்தது. அத்தோடு இயக்கம் பட்டினி கிடந்திருக்க வேண்டும். கிடக்கவில்லை. வெளிநாட்டு ஆதரவு நின்றுபோனதாக எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆதரவு நிற்கவில்லை, கொடுக்கும் ஆள்தான் மாறினான். அரசுகள் விட்ட இடத்தை நகைக் கடைகள் எடுத்துக்கொண்டன.

கல்லின் பாதையைப் பார்த்தால் இது விளங்கும். கஃபுன்ஃபோ போன்ற ஊர்களைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் தோண்டினார்கள். பலர் எல்லைக்கு அப்பாலிருந்து, ஸயரிலிருந்து (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) வந்தவர்கள். எடுத்ததில் யுனிட்டாவுக்குப் பங்கு உண்டு. கற்கள் ஆண்டுலோ, பைலுண்டு ஆகிய தலைமையிடங்களுக்குப் போயின. அங்கே ஆயுதத் தரகர் விமானத்தில் வந்து இறங்குவார், கூடவே கல் மதிப்பிடத் தெரிந்த ஒருவரையும் அழைத்து வருவார். யுனிட்டாவின் நிபுணர் ஒரு விலை சொல்வார், இவர் ஒரு விலை சொல்வார். பேரம் படிந்தால் பொட்டலம் கை மாறும். கொள்முதல் பட்டியலில் துப்பாக்கி, குண்டு, எரிபொருள். ஸயரின் அதிபர் மொபுட்டு இருந்தவரை வழி அவர் நாட்டின் வழியாக. 1997இல் அவர் வீழ்ந்தபின் டோகோ அந்த வேலையைச் செய்தது: வந்த ஆயுதம் தனக்கே என்று தாளில் எழுதிக் கொடுத்தது. 2000 மார்ச்சில் கனடியத் தூதர் ராபர்ட் ஃபௌலரின் தலைமையில் இயங்கிய ஐ.நா. தடைக்குழுவுக்காகத் தயாரான அறிக்கை டோகோ, புர்கினா ஃபாஸோ அதிபர்களைப் பெயர் சொல்லியே குற்றம் சாட்டியது. ஐ.நா. ஆவணத்தில் பதவியில் இருக்கும் அதிபரின் பெயர் அப்படி வருவது அபூர்வம்.

பொட்டலம் கடைசியில் பெல்ஜியத்தின் வைரச் சந்தையான ஆண்ட்வெர்ப்பை அடையும். நம்மூரில் ‘குருவி’ என்பார்களே, அப்படிப்பட்டவர்களின் சட்டைப் பையே போதும். லட்சக்கணக்கான டாலர் உள்ளங்கையில் அடங்கும். அங்கே சுங்கத் தாளில் எழுதப்பட்டது கல் கடைசியாக எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதுதான்; எங்கே தோண்டப்பட்டது என்பதில்லை. குவாங்கோ கல் வேறொரு நாட்டைத் தொட்டு வந்தால் அந்நாட்டுக் கல்லாகிவிடும். பட்டை தீட்டியபின் அடையாளமே இல்லை. 1992 முதல் 1998 வரை யுனிட்டா வைரத்தில் ஈட்டியது குறைந்தது 370 கோடி டாலர் என்று குளோபல் விட்னஸ் அமைப்பு கணித்தது. 1998இல் ஐ.நா. வைரத்துக்கும் தடை போட்டது. மறு ஆண்டு அக்டோபரில் அரசுப் படை ஆண்டுலோவைப் பிடித்தது. 2002 பிப்ரவரி 22இல் மொஷிகோ மாகாணத்தில் சவிம்பி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறே வாரத்தில் போர் நின்றது. 27 ஆண்டுகளில் சுமார் 5 லட்சம் பேர் மாண்டிருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு.

வைரத்துக்குச் சான்றிதழ் கேட்கும் கிம்பர்லி திட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. நோயாளி போனபின் வந்த மருந்து. அதிலும் கிளர்ச்சிப் படைகள் அரசை எதிர்க்க விற்கும் கல் மட்டுமே ‘மோதல் வைரம்’. அரசின் பக்கம் நிற்பவர் கை வைத்தால் அது கணக்கில் வராது. போர் முடிந்தபின் அதே குவாங்கோ பகுதியில் தோண்டுவோர் அடிபட்டதையும் கொல்லப்பட்டதையும் பத்திரிகையாளர் ரஃபேல் மார்க்கேஸ் 2011இல் நூலாக எழுதினார். சுரங்கங்களோடு தொடர்புள்ள ராணுவத் தளபதிகளையும் பெயர் சொன்னார். அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2015இல் லுவாண்டா நீதிமன்றம் மார்க்கேஸுக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்து அதை நிறுத்தி வைத்தது. அந்தப் பகுதிக் கற்கள் சான்றிதழோடு ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன.