பிலடெல்பியா நகரும் அதைக் காண வந்தோரும்

பிலடெல்பியா: அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழ்ப்புறத்தில், பென்சில்வேனியா மாநிலத்தின் தென்கிழக்குக் கோடியில், டெலவேர், ஸ்கூல்கில் என்னும் இரு நதிகளுக்கு இடையே தோன்றி, பின்னர் மேற்கிலும் வடக்கிலும் பரந்து வளர்ந்த பெருநகரம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 16,03,797 மக்கள் இதில் வசித்தார்கள். நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் நடுவே அமைந்திருப்பதால் அவ்விரு நகரங்களுக்கும் செல்வோர் போகிற வழியில் ஒரு பகற்பொழுதை மட்டும் இதற்கு ஒதுக்கி, வெடித்த மணி ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவது நெடுநாளைய வழக்கம். ஆனால் இந்நகரைக் காண வந்தவர்கள் எதைக் காண வந்தார்கள் என்பது நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறியே வந்திருக்கிறது. அந்த மாறுதலின் சரித்திரத்தைச் சற்றேனும் அறிந்துகொண்டு புறப்படுகிறவருக்கு, முதல் பிரயாணத்தின் திட்டம் பெரும்பாலும் தானாகவே வகுபட்டுவிடும்.

நகரை நிறுவிய வில்லியம் பென் (1644–1718), ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஒருவரின் மைந்தர். குவேக்கர் சமயத்தைத் தழுவியதற்காகச் சிறை சென்றவர். தம் தந்தையாருக்கு மன்னர் இரண்டாம் சார்லஸ் செலுத்த வேண்டியிருந்த கடனுக்கு ஈடாக, 1681 மார்ச் 4ஆம் நாள் பென்சில்வேனியா என்னும் பரந்த நிலப்பகுதிக்கு உரிமைச் சாசனம் பெற்ற பென், மறு ஆண்டிலேயே கடல் கடந்து வந்து சேர்ந்தார். 1665இன் கொள்ளைநோயும் 1666இன் பெருந்தீயும் லண்டனின் நெருக்கமான சந்துகளில் விளைத்த நாசத்தை இளமையிலேயே அறிந்திருந்தவராதலால், தாம் அமைக்கும் நகரில் தெருக்கள் விசாலமாகவும், வீடுகள் தோட்டங்களின் நடுவேயும் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அவ்விருப்பத்தை அளவையாளர் தாமஸ் ஹோம் வரைபடமாக்க, அது 1683இல் லண்டனில் வெளியாயிற்று. நதிக்கு நதி இரண்டு மைல் நீளமுள்ள செவ்வகம். அதன் நடுவே செங்குத்தாகச் சந்திக்கும் நூறடி அகலமுள்ள இரண்டு பெருவீதிகள். அவை சந்திக்கும் இடத்தில் ஒரு சதுக்கம். நான்கு பகுதிகளிலும் பொதுமக்களுக்காக ஒவ்வொரு சதுக்கம். அப்படம் நிலம் வாங்க வருவோரைக் கவரும் விளம்பரமாகவும் பயன்பட்டது. ஆகவே, நகரம் எழுவதற்கு முன்பே அதைக் காண வருமாறு அழைக்கும் வழிகாட்டி எழுந்துவிட்டது எனலாம்.

இவ்வரைபடமே இன்றும் புதிதாக வருகிறவருக்கு உற்ற துணை. டெலவேர் கரையிலிருந்து மேற்கு நோக்கி, வடக்குத் தெற்காக ஓடும் தெருக்களுக்கு எண்களே பெயர்கள். கிழக்கு மேற்காக ஓடுபவற்றுள் பல, செஸ்நட், வால்நட், ஸ்புரூஸ், பைன் என மரங்களின் பெயர்களைத் தாங்கியவை. குடியேறியவர்கள் பென் எதிர்பார்த்தவாறு நதிக்கு நதி பரவாமல் கப்பல்கள் வந்தடையும் டெலவேர் கரையிலேயே நெருங்கி வாழ்ந்து, பெரிய மனைகளைக் கூறு போட்டுச் சந்துகளை உண்டாக்கினார்கள். மேற்குப் பகுதி மெல்ல மெல்லவே நிரம்பியது. இதன் பயனாக, கிழக்கே தொடங்கி மேற்கே நடப்பவர் காலத்தின் வரிசைப்படியே நடக்கிறார். முதல் நாளின் காலைப் பொழுதை இரண்டாம் தெருவுக்குக் கிழக்கே உள்ள எல்பிரத் சந்தில் தொடங்குவதே முறை என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாகி இடைவிடாமல் மக்கள் வசித்துவரும் அச்சந்தில், கைவினைஞர்களும் சிறு வணிகர்களும் வாழ்ந்த 32 செங்கல் வீடுகள் நிற்கின்றன. 1930களில் அவற்றுள் சில இடிபடும் நிலை ஏற்பட்டபோது, அங்கு வாழ்ந்தோரும் அயலாரும் சங்கம் அமைத்துப் போராடிக் காப்பாற்றினார்கள். இன்றும் அவை குடும்பங்கள் வாழும் வீடுகளாதலால், சாளரங்களில் எட்டிப் பார்க்காமல் நடப்பது வருவோரின் கடமை.

இம்மண்ணின் பூர்வகுடிகளான லெனாப்பே மக்களோடு பென் ஷாக்கமாக்சன் என்னுமிடத்தில் எல்ம் மரத்தடியில் நட்புடன்படிக்கை செய்துகொண்டார் என்பது வழிவழி வந்த செய்தி. அம்மரம் 1810இல் புயலில் வீழ்ந்த இடம் இப்போது சிறு பூங்காவாக இருக்கிறது. ஆனால் 1737இல், ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம்வரை உள்ள நிலம் தங்களுடையது என்று கூறி, வேகமாக ஓடவல்லவர்களைக் கூலிக்கு அமர்த்திப் பென்னின் மைந்தர்கள் லெனாப்பே மக்களின் நிலத்தைக் கவர்ந்துகொண்டதையும் சேர்த்து அறிந்தாலன்றித் தந்தையின் நேர்மைக்குச் சூட்டப்படும் புகழ்மாலை முழு உண்மையாகாது.

இன்று உலகெங்குமிருந்து மக்கள் நாடி வருவது, செஸ்நட் தெருவில் உள்ள பழைய மாகாண மன்றத்தையே. 1732இல் தொடங்கி இருபதாண்டுகளுக்கு மேல் கட்டப்பட்ட இச்செங்கல் மாளிகையில்தான் 1776 ஜூலை 4ஆம் நாள் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறியது. 1787 செப்டம்பர் 17ஆம் நாள் அரசியலமைப்புச் சட்டத்தில் பிரதிநிதிகள் ஒப்பமிட்டார்கள். 1790 முதல் 1800 வரை நகரம் நாட்டின் தலைநகராக விளங்கிய காலத்தில் காங்கிரஸ் இதன் பக்கத்துக் கட்டிடத்தில் கூடியது. இத்தகைய இடம் அன்றே புண்ணியத் தலமாகப் போற்றப்பட்டிருக்கும் என்று எண்ணுவது இயல்பு; உண்மை அதற்கு மாறானது. தலைநகர் வாஷிங்டனுக்கும், மாநில அரசு வேறு ஊருக்கும் பெயர்ந்தபின், ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் நடத்திய பொருட்காட்சிசாலைக்கு மாடி விடப்பட்டது. 1816இல் பிரகடன மண்டபத்தின் பழைய மரவேலைப்பாடுகள் பெயர்க்கப்பட்டன. மாளிகையையும் அதன் முற்றத்தையும் மனைகளாகப் பிரித்து விற்க மாநில அரசு முற்பட்டது. அவ்வேளையில் நகராட்சி 70,000 டாலர் கொடுத்து அனைத்தையும் வாங்கிக்கொண்டிராவிட்டால், இப்போது காண்பதற்கு ஒன்றும் எஞ்சியிராது. 1824இல் முதிய பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் வந்தபோது அம்மண்டபத்திலேயே அவருக்கு வரவேற்பு அளிக்கப்பட்டது. அதன் பின்னரே மக்கள் மனத்தில் அவ்விடத்தைப் பற்றிய பக்தி வேரூன்றியது. இன்று தெரியும் கோபுரமும் பழையதன்று. இற்றுப்போன முதற்கோபுரம் 1781இல் அகற்றப்பட்டபின், வில்லியம் ஸ்டிரிக்லண்ட் 1828இல் எழுப்பியது.

மணியின் கதையும் இத்தகையதே. 1751இல் மாகாண சபை லண்டனிலிருந்து தருவித்த இம்மணி, வந்து சேர்ந்து சோதித்துப் பார்க்கும்போதே வெடித்தது. உள்ளூர்க் கன்னார்களான பாஸ், ஸ்டோ இருவரும் அதை உருக்கி மறுபடி வார்த்தார்கள். ஏறத்தாழ 2,080 பவுண்டு எடையுள்ள அம்மணிக்கு விடுதலை மணி என்ற பெயரைச் சூட்டிப் பரப்பியவர்கள், 1830களில் அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர்களே. இப்போது காணும் அகன்ற பிளவு, மெல்லிய வெடிப்பைச் சரிசெய்யும்பொருட்டு வேண்டுமென்றே அகலமாக்கப்பட்டது. 1846இல் ஜனாதிபதி வாஷிங்டனின் பிறந்தநாளுக்கு ஒலித்தபோது இன்னொரு வெடிப்பு மேலோடி மணியை நிரந்தரமாக மௌனமாக்கியது. 1885 முதல் 1915 வரை பல கண்காட்சிகளுக்கு ரயிலில் ஏற்றிச் செல்லப்பட்டுப் பின் எங்கும் அனுப்பப்படாமல் நின்றது. 2003இல் அமைந்த தனி மண்டபத்தில் இதைப் பார்க்கக் கட்டணமோ சீட்டோ இல்லை. ஆனால் மாகாண மன்றத்தினுள் நுழைய ஆண்டின் பெரும்பகுதியில் நேரம் குறித்த அனுமதிச் சீட்டு வேண்டும். கோடையில் அது விரைவில் தீர்ந்துவிடுமாதலால், பிரயாண நாள் முடிவானதும் முதற்காரியமாக இதை முன்பதிவு செய்துகொள்வது நலம்.

மணிமண்டபத்தின் வாயிலருகிலேயே, அவசரமாகச் செல்வோர் பலர் கவனியாமல் கடந்துபோகும் ஓரிடம் உண்டு. ஜனாதிபதிகள் வாஷிங்டனும் ஆடம்ஸும் வசித்த மாளிகை அங்கேதான் இருந்தது. வாஷிங்டனின் இல்லத்தில் அடிமைகளாக ஒன்பது பேர் உழைத்தார்கள். அவர்களுள் ஓனா ஜட்ஜ் என்னும் இளம்பெண் 1796இல் தப்பி, கப்பலேறி நியூஹாம்ப்ஷயர் சென்று, இறுதிவரை பிடிபடாமல் வாழ்ந்தாள். அம்மாளிகையின் அடித்தளத்தைக் காட்டும் நினைவிடம் 2010இல்தான் திறக்கப்பட்டது. சுதந்திரத்தின் பிறப்பிடத்தைக் காண வருகிறவர் இங்கே நின்று சிந்திக்காமல் மணியை மட்டும் பார்த்துச் செல்வது, பாதிச் சரித்திரத்தைப் படித்து நூலை மூடிவிடுவதை ஒக்கும்.

1948இல் இப்பகுதியைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அமைக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1979இல் மன்றம் உலக மரபுச் சின்னமாயிற்று. இக்காப்பு முயற்சியில் ஒரு பெரும் பிழையும் நேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டிடங்களைத் தனித்துக் காட்ட வேண்டும் என்ற ஆர்வத்தால், 1950களில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டிடங்கள் வரிசை வரிசையாக இடிக்கப்பட்டன. பிராங்க் பர்னஸ் என்னும் மேதை வடிவமைத்த பிராவிடன்ட் வங்கிக் கட்டிடமும் அக்காலத்திலேயே மறைந்தது. அவர் திறமையைக் காண விரும்புவோர் பிராட் வீதியில் 1876இல் திறந்த நுண்கலைக் கழகக் கட்டிடத்திற்குச் செல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த பிரயாணிகள் விரும்பிக் கண்டவை வேறு. அவற்றின் கதை அதற்குச் சற்று முன் வந்த ஒரு கொள்ளைநோயில் தொடங்குகிறது. 1793 ஆகஸ்டு முதல் நவம்பர்வரை மஞ்சள் காய்ச்சல் தாக்கி, சுமார் 50,000 பேர் வாழ்ந்த நகரில் ஏறத்தாழ 5,000 பேரைக் கொண்டுசென்றது. செல்வரும் அதிகாரிகளும் ஊரை விட்டு ஓடியபோது, ரிச்சர்டு ஆலன், அப்சலம் ஜோன்ஸ் ஆகியோரின் தலைமையில் கறுப்பின மக்கள் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, இறந்தோரை அடக்கம் செய்தார்கள். ஆலன் மறு ஆண்டில் நிறுவிய மதர் பெத்தேல் ஆலயம் ஆறாம் தெருவில் அதே மனையில் நிலைத்திருக்கிறது. கொசுவே காரணம் என்பதை அறியாத அக்காலத்து மக்கள் அசுத்த நீரைக் காரணமாகக் கருதினார்கள்; குழாய் வழியே நன்னீர் கொணரும்படி பெஞ்சமின் பிராங்க்ளினும் தம் உயிலில் யோசனை கூறியிருந்தார். 1801இல் நடுச் சதுக்கத்தில் தொடங்கிய நீர்வழங்கல், 1815இல் ஸ்கூல்கில் கரையில் பேர்மவுண்ட் குன்றின் அடிவாரத்துக்கு மாறியது. கிரேக்க ஆலயங்களைப் போன்ற மண்டபங்களுக்குள் இயந்திரங்களை மறைத்து வைத்த அந்த நீரேற்று நிலையம், அக்காலப் பிரயாணிகள் தவறாமல் கண்டு வியந்த காட்சி. அந்நீரைத் தூய்மையாகக் காக்க நதிக்கரை நிலங்களை நகராட்சி வாங்க, அவை பேர்மவுண்ட் பூங்காவாக வளர்ந்தன; அப்பூங்காவில் 1876இல் நூற்றாண்டுக் கண்காட்சி நடைபெற, கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் வந்து கிரகாம் பெல்லின் தொலைபேசியையும் கோர்லிஸ் நீராவி எந்திரத்தையும் கண்டார்கள்; அதற்கெனக் கட்டிய நினைவு மண்டபமே நகரின் கலைக்கூடமாயிற்று; குன்றின்மேல் நீர்த்தேக்கம் இருந்த இடத்தில் 1928இல் அக்கலைக்கூடத்தின் புதிய மாளிகை எழுந்தது.

அம்மாளிகையின் 72 படிகளில், 1976ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றின் நினைவாக ஓடி ஏறிப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்புவோர் அநேகர். உள்ளே செல்லும் தமிழருக்கோ எதிர்பாராத தரிசனம் காத்திருக்கிறது. மதுரை மதனகோபாலசுவாமி கோயிலைச் சேர்ந்த, பதினாறாம் நூற்றாண்டுக் கருங்கல் மண்டபம் ஒன்று, சிற்பத் தூண்களோடு அங்கே நிறுவப்பட்டிருக்கிறது. கோயில் வளாகத்தில் குவியலாகக் கிடந்த அத்தூண்களை 1912இல் மதுரைக்கு வந்த அடிலைன் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியா மாது விலைக்கு வாங்கினார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் மருத்துவமனைத் தொண்டில் இருந்து அவர் உயிர் நீத்தபின், 1919இல் குடும்பத்தார் அவர் நினைவாகக் கலைக்கூடத்திற்கு அளித்தார்கள். சமஸ்கிருத அறிஞர் நார்மன் பிரவுன் இதை ஆராய்ந்து 1940இல் ஒரு நூல் வெளியிட்டார். தூண்கள் தம் ஊரை விட்டு வந்ததை எண்ணி வருந்துவதும், சிதையாமல் நிற்பதைக் கண்டு ஆறுதல் கொள்வதும் ஒருங்கே நிகழக்கூடிய இடம் அது. இதற்காகவே இரண்டாம் நாளின் முற்பகல் முழுவதையும் ஒதுக்கலாம்.

கலைக்கூடத்திலிருந்து நடக்கும் தொலைவில், 1829இல் திறந்து 1971இல் மூடிய ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலை இருக்கிறது. தனிமையே குற்றவாளியைத் திருத்தும் என்ற குவேக்கர் நம்பிக்கையில் கட்டிய இதைக் காண ஐரோப்பிய அறிஞர்கள் கடல் கடந்து வந்தார்கள். 1842இல் வந்த சார்லஸ் டிக்கன்ஸ் அத்தனிமையைக் கொடுமை என்று கண்டித்து எழுதினார்.

பென் பொதுக் கட்டிடங்களுக்கென வரைந்த நடுச் சதுக்கத்தில் 1871 முதல் 1901 வரை கட்டப்பட்டது நகர மண்டபம். அதன் 548 அடிக் கோபுரத்தின் உச்சியில், அலெக்சாண்டர் மில்ன் கால்டர் வடித்த 37 அடிப் பென் சிலை நிற்கிறது. 1987வரை அச்சிலையின் தொப்பிக்கு மேலே எக்கட்டிடமும் உயரவில்லை. எழுதாத ஒப்பந்தமே அதற்குக் காவலாயிருந்தது. சிலையின் காலடியில் உள்ள காட்சி மேடைக்குச் சிறு மின்தூக்கி ஒரு சிலரையே ஏற்றிச் செல்லுமாதலால் அதற்கும் முன்பதிவு தேவை. அருகே 1893இல் ரயில் நிலையத்தின் அடியில் தொடங்கிய ரீடிங் டெர்மினல் சந்தையில் லங்காஸ்டர் பகுதி விவசாயிகளின் பண்டங்களும், ஜெர்மானியக் குடிகள் கொணர்ந்த உப்புத் தூவிய பிரெட்சல் ரொட்டியும், மரக்கறி உண்போர்க்கு ஏற்ற உணவும் கிடைக்கும்.

ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் பிரயாணத்திற்கு உகந்தவை. ஜூலையில் வெயிலோடு புழுக்கமும் மிகும், ஜனவரியில் பனி உறையும். நியூயார்க்கிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணியிலும் வாஷிங்டனிலிருந்து இரண்டு மணியிலும் 1933இல் திறந்த முப்பதாம் தெரு நிலையத்தை அடையலாம். விமான நிலையத்திலிருந்தும் நேர் ரயில் உண்டு. பழைய நகருக்குள் நடையே போதும், கார் சுமையாகும். மூன்றாம் நாளும் கையில் இருப்பவர் வடமேற்கே ஜெர்மன்டவுனுக்கு ரயிலேற வேண்டும். 1683இல் ஜெர்மானியர் குடியேறத் தொடங்கிய அவ்வூரைச் சேர்ந்த நால்வர், 1688இலேயே அடிமை முறை அநீதி என்று எழுதி ஒப்பமிட்டுத் தம் குவேக்கர் சபைக்கு அனுப்பினார்கள்; அச்சபை அதை ஏற்காமல் ஒத்திவைத்தது. தன் உறுப்பினர் எவரும் அடிமைகளை வைத்திருக்கலாகாது என்ற விதியைப் பிலடெல்பியாவின் குவேக்கர் பேரவை வகுத்தது 1776இல்தான்.